வேர் இல்லாத காளான்

போன மாதம், நான் வேலை பார்த்த பழைய தாவர ஆராய்ச்சி ஆபீசுக்குப் போயிருந்தேன். மாடியில் இருந்த காளான் அலமாரிகளை நான்கு பேர் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, "காளான் செடி இல்லையே சார், அதுக்குத் தனிக் கட்டடம் வந்தாச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இருந்த காலத்திலேயே அது செடி இல்லை என்று படித்தவர்களுக்குத் தெரியும். அலமாரிக்குத் தெரியத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தப் பெண் என்னை உட்காரவைத்து அவர்களுடைய இயந்திரத்தைக் காட்டினாள். காளானில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சின்னக் குழாயில் போடுகிறார்கள். அதற்குள் எழுதியிருப்பதை இயந்திரம் எழுத்துக் கூட்டிப் படித்து, இது இன்ன குடும்பம், இன்னாருக்குப் பங்காளி என்று சொல்லிவிடுகிறது. காளான் செடிகளைவிட நம்மைப் போன்ற பிராணிகளுக்குத்தான் கிட்டத்துச் சொந்தமாம். "அப்பல்லாம் நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? ஏதோ ஜவ்வாது மலையில பச்சைத் தூள் கேஸ்னு சொல்றாங்களே, அதை எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஆபீசில் அந்தக் கதை வேறு யாரோ செய்த வீரச்செயல் மாதிரி நடமாடுகிறது. நடந்தது அப்படியல்ல. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது தேறாதவன். காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து அடுக்கிவைக்கும் ஹெர்பேரியம் கூடத்தில், ஊசியும் நூலும் பசையுமாக, தினக்கூலியில் சேர்ந்தேன். சீட்டுகளில் இருந்த லத்தீன் பெயர்களை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வாய்க்குள் நுழையாத பெயர்கள்தான். ஆனால் ஒரே பெயரில் முதல் பாதி குடும்பத்தையும் பின்பாதி ஆளையும் சொல்கிறது என்று தெரிந்த அன்று, யாரோ எனக்கு ஒரு பெரிய வீட்டின் சாவியைக் கொடுத்த மாதிரி இருந்தது. ஏழெட்டு வருஷத்தில், காட்டில் செடி சேகரிக்கும் முகாமுக்குப் போகும் ஆளாகிவிட்டேன். அமிர்திக் காடு, நெல்லிவாசல் நாடு என்று தோளில், செடிகளைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தும் அழுத்துபலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஃபீல்டு நோட்டின் பின்பக்கங்களில் போகிற இடத்து மனிதர்கள் பேசியதையும் எழுதிவைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. இங்கே வரும் பேச்சுகள் அதிலிருந்து எடுத்தவை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு மேலதிகாரியாக டாக்டர் சுலோச்சனா வந்தார். அவருக்கு இருபத்தொன்பது, எனக்கு முப்பத்துநான்கு. காளான் படித்தவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவர் ஆயுதம் ஒரே ஒரு கேள்விதான். நான் ஒரு செடியைக் காட்டி, "மேடம், இது இன்னது" என்று சொன்னால், டீ குடித்தீர்களா என்று கேட்கிற அதே குரலில், "எப்படித் தெரியும்?" என்பார். "பாத்தா தெரியுது மேடம்" என்றால் பேசாமல் பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்துவார். சீட்டு எழுதும்போது ஊர், தேதி, உயரம், எதன்மேல் முளைத்தது என்பதெல்லாம் மையில். பெயர் மட்டும் பென்சிலில். "நாம பாத்தது மாறாது. நாம நினைச்சது மாறும்" என்பார்.

அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்த மாதத்தில் ஜவ்வாது மலையில் முகாம் போட்டோம். போளூரிலிருந்து மலையேறி, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு சின்ன ஊர். இருபது வீடு இருக்கும். சாமை வயல், புளியமரங்கள், மாட்டுப்பட்டிகள். ஊர் ஓரத்தில் வனத்துறையின் பழைய ஓட்டுக் கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர்: மேடம், நான், ஜீப் டிரைவர் ஜப்பார் பாய்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் வெளியே போக முடியவில்லை. ஜப்பார் பாய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டே கேட்டார்: "மேடம், எனக்கு ஒரு டவுட். காளானைப் போட்டு பிரியாணி செஞ்சா அது சைவமா கவிச்சியா?"

மேடம் சிரித்தார். "ரெண்டும் இல்ல பாய். செடின்னா வெயில்ல சமைச்சுச் சாப்பிடணும். இது சமைக்காது. பிராணி மாதிரி வாய் வெச்சும் திங்காது. இருக்கற இடத்துலயே சாறு விட்டுக் கரைச்சு, உறிஞ்சிக் குடிக்கும். பூச்சியோட ஓடு எந்தப் பொருள்ல ஆனதோ, அதே பொருள்தான் காளானோட உடம்புச் சுவர்லயும் இருக்கு. அதனால இப்ப உயிரையெல்லாம் அஞ்சு ராஜ்ஜியமாப் பிரிக்கிறாங்க. பாக்டீரியா ஒண்ணு. குட்டையில நீந்தற ஒத்தைச் செல் உயிருங்க ஒண்ணு. காளான், செடி, பிராணி."

"அப்ப ஜுரம் வர்ற வைரஸ்ஸு? அது எந்த ராஜ்ஜியம்?"

"எதுலயும் இல்ல. நம்ம உடம்புக்குள்ள பூந்தா உயிர் மாதிரி பெருகும். வெளிய எடுத்துக் காயவெச்சா உப்புக்கல்லு மாதிரி சீசாவுல கெடக்கும். அதை உயிர்னு சேக்கறதா வேணாமான்னே இன்னும் சண்டை ஓயல."

"ரேஷன் கார்டு இல்லாத ஆளுன்னு சொல்லுங்க" என்றார் ஜப்பார் பாய்.

நான் சிரிக்கவில்லை. என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ராஜ்ஜியம் குடியிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தேங்கிய தண்ணீரில் இன்னொன்று, ஈர உத்திரத்தில் மற்றொன்று. எனக்குத் தெரிந்த உலகம் செடியும் மாடும் மனிதனும். அது மொத்தத்தில் ஒரு மூலைதான் என்று தெரிந்தபோது, கூரைக்கு மேலே கூரை திறந்துகொண்டே போகிற மாதிரி ஒரு மலைப்பு. இப்போது எழுதும்போதும் அது வருகிறது.

அந்த ஊரில் எங்களுக்குக் காளான் கொண்டுவந்து காட்டுகிறவள் சாலம்மா. இருபத்தைந்து வயது இருக்கும். கீழே அடிவாரத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அல்ல, மலைக்காரிதான். ஆனால் வேறு நாட்டு ஊர்; மலையின் உட்பகுதிகளை அங்கே நாடு என்பார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. மாமியார் முனியம்மா அதைக் காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம் சொல்லிக்காட்டுவாள் என்று ஊரே சொல்லும். சாலம்மாவிடம் ஒரு காளானின் பெயரைக் கேட்டால், "பேரு அப்பறம் கேளுங்க சாரு. எதுக்குப் பொறந்துதுன்னு மொதல்ல கேளுங்க" என்பாள். அவளுக்குப் புற்றுக்குப் பிறந்தது, கட்டைக்குப் பிறந்தது, சாணிக்குப் பிறந்தது, மூங்கில் வேருக்குப் பிறந்தது என்று வகைகள். மேடம் அதை ஒரு எழுத்து விடாமல் மையில் எழுதிக்கொள்வார்.

புற்றுக்குப் பிறந்ததுதான் தின்பதற்கு உசத்தி. வெள்ளைக் குடை, காம்பில் ஒரு வளையம், கீழே நீளமான வேர் மாதிரி ஒரு வால் மண்ணுக்குள் கறையான் புற்று வரைக்கும் போகும்.

மேடமும் ஜப்பார் பாயும் ஓடைப் பக்கம் போயிருந்த ஒரு நாள் முற்பகல், நான் ஈரத் தாள்களை ஸ்டவ் சூட்டில் காயவைத்துக்கொண்டிருந்தேன். சாலம்மா ஒரு கூடை நிறையக் காளானோடு வந்து நின்றாள்.

"சாரு, இத கொஞ்சம் பாருங்க. பட்டி ஓரமா கூட்டமா மொளச்சிருக்குது. புத்துக்குப் பொறந்தது மாரிதான் கீது. ஆனா வேரு இல்ல."

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைக் குடை. நடுவில் லேசாகப் பழுப்பு, மழையில் கழுவிப்போயிருந்தது. காம்பில் வளையம். அடியில் இருக்கும் மடிப்புகள் பால் வெள்ளை. "புத்துக் காளான்தாம்மா. புடுங்கும்போது வேர் அறுந்திருக்கும்."

"நான் அறுக்கலீங்க. தூக்குனேன், வந்துட்சு."

"மழையில மண்ணு எளகியிருக்கும்."

"பட்டி ஓரத்துல புத்தே இல்லீங்களே சாரு."

"மண்ணுக்குள்ள இருக்கும், மேல தெரியாது. நாங்க இதுலயே இருக்கறவங்க. தைரியமா எடுத்துட்டுப் போய் ஆக்கு."

எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு இது. நாங்கள் அவசரத்தில் காளானைப் பிடுங்கி வேரை அறுத்துவிட்டு வருவோம். சீட்டில் 'வேர் கிடைக்கவில்லை' என்று எழுதிப் பழகிப்போனவர்கள். அதனால் ஒருத்தி வேர் இல்லை என்று சொன்னால், கிடைக்கவில்லை என்றே எங்கள் காதில் விழும். அவள் 'இல்லை' என்றுதான் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்க மேடம் அங்கே இல்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊருக்குள் சத்தம் கேட்டது. சாலம்மா வீட்டில் மாமியார், புருஷன் வெள்ளையன், அவன் தம்பி மூன்று பேரும் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஜீப் நிற்கும் இடத்துக்கு ஆண்கள் தூக்கினோம். தம்பிக்காரன்தான் ரொம்ப மோசம். கை கால் சில்லிட்டுப்போயிருந்தது. ஒரு தூளியின் மூங்கில் முனை என் தோளில். பின்னாலேயே சாலம்மா ஓடிவந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, மாட்டு வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியில் தின்னும் வழக்கம். அவள் தட்டை எடுக்கும்போதே இவர்கள் விழுந்துவிட்டார்கள்.

"நான் சாரு கிட்ட காட்டிட்டுத்தான் ஆக்குனேன்" என்று அழுதாள்.

முன்னால் போன ஒரு ஆள் திரும்பாமலே சொன்னான்: "செஞ்சதையும் செஞ்சிட்டு சர்க்காரு ஆளு மேல போடறியா?"

மூங்கில் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜப்பார் பாய் அவர்களைப் போளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் காலையில், மூன்று பேருமே பிழைத்துக்கொள்வார்கள் என்று தகவல் வந்தது. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. பிள்ளை இல்லாதவள், மாமியார் கொடுமை தாங்காமல் குடும்பத்துக்கே விஷம் வைத்துவிட்டாள் என்றார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் கூட்டம் கூட்டி, அவளைப் பிறந்த ஊருக்கே அனுப்பிவிடுவது என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. அவள் கையால் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை.

மேடம் அன்று காலையிலேயே மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். சாணம் கலந்த புல்தரையில் அதே காளான் வட்டமாக நின்றது. சுற்றிலும் தோண்டச் சொன்னார். இரண்டு முழம் தோண்டினேன். வேரும் இல்லை, புற்றும் இல்லை.

கட்டடத்துக்கு வந்து வேலையைத் தொடங்கினார். ஃபிலிம் சுற்றிவரும் கறுப்புத் தாளில் பாதி, வெள்ளைத் தாளில் பாதி. இரண்டையும் விளிம்பில் ஒட்டினார். வெள்ளைத் தூள் கறுப்பில் தெரியும், நிறமுள்ளது வெள்ளையில் தெரியும். பட்டிக் காளானின் காம்பைக் குடையை ஒட்டி பிளேடால் அறுத்து, மடிப்புகள் கீழே இருக்கும்படி, ஒட்டின கோட்டின்மேல் அசையாமல் உட்காரவைத்தார். குடையின் தலையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே எவர்சில்வர் கிண்ணம், காற்று புகாமல். பக்கத்திலேயே, முந்தின வாரம் சாலம்மா காட்டிய புற்றடியில் புதிதாக முளைத்த ஒன்றையும் கொண்டுவந்து அதே மாதிரி மூடினார். இரண்டு கிண்ணத்தின்மேலும் இடத்தையும் நேரத்தையும் எழுதின சீட்டு. "நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு உங்ககிட்ட காட்டினேன்னு சொல்றாங்களே?" என்றார்.

சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கிண்ணத்தின் மேலிருந்த சீட்டைச் சரிசெய்துகொண்டே, "ரிப்போர்ட்ல நான் எழுதித்தான் ஆகணும். உங்க நிரந்தர வேலை இதனால தள்ளிப்போகும்" என்றார். "கூட்டத்துல நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா?"

"நானே பேசறேன் மேடம்."

காலையில் கிண்ணத்தைத் தூக்கினார். குடையை இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்தார். நான் அப்போதுவரை எத்தனையோ தாள்களைத் தைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெள்ளைத் தாளில் பச்சை. பாசிப்பச்சையும் இல்லை, இலைப்பச்சையும் இல்லை. பழைய செப்புப் பாத்திரத்தில் பூக்குமே, அதைக் கழுவி மெலிதாக்கின பச்சை. நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் நூற்றுக்கணக்கான கோடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், தேர்ச்சக்கரம் மாதிரி. ஒவ்வொரு கோடும் கண்ணுக்குத் தெரியாத லட்சம் விதைகள் தானாக விழுந்து போட்ட கோடு. அது வெளியே பால் வெள்ளையாக இருந்த காளான். உள்ளே இவ்வளவு பச்சையை வைத்துக்கொண்டுதான் என் கையில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு கிண்ணத்தின் கீழே புற்றுக் காளான் வெளிறின ரோஜா நிறத்தில் போட்டிருந்தது. என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டும், எங்கள் மூச்சுப் பட்டாலே கலைந்துவிடும் எழுத்தில், நாங்கள் வேறு வேறு என்று எழுதிவைத்திருந்தன.

மூன்றாம் நாள் முற்பகலில் புளியமரத்தடியில் கூட்டம். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். வெள்ளை மீசைக்காரர், நிதானமானவர். போளூரிலிருந்து வந்த மூன்று பேரும் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். சாலம்மா தள்ளி நின்றாள்.

முனியம்மா எழுந்தாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. "மூணு பேரு துன்னோம். மூணு பேரும் வுழுந்தோம். ஆக்குனவ நின்னுகினு கீறா. நான் வேற இன்னா சொல்றது?"

அதற்குமேல் ஒரு சாட்சி வேண்டாம் என்பது போல் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"நாட்டாரே, அந்தம்மா கூடையைக் கொண்டாந்து என்கிட்ட காட்டினது உண்மை. வேரு இல்லன்னு ரெண்டு தரம் சொன்னாங்க. பட்டி ஓரத்துல புத்து இல்லன்னும் சொன்னாங்க. தைரியமா ஆக்குன்னு சொன்னவன் நான்தான். தூளி தூக்கிட்டுப் போறப்ப அவங்க சொன்னாங்க, அப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

வெள்ளையன் தலையைத் தூக்கி முதல் தடவையாகப் பெண்டாட்டி நின்ற பக்கம் பார்த்தான்.

மேடம் இரண்டு தாளையும் பலகையில் வைத்து நாட்டாருக்கு முன்னால் கொண்டுபோனார். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இது யாரும்மா வரைஞ்சது?"

"யாரும் வரையலங்க. அந்தந்தக் காளானே போட்டது. பச்சையாப் போடறது வவுத்தைப் புரட்டும். இளசுல மேலோட்டமாப் பாத்தா வித்தியாசம் தெரியாது. அந்தப் பொண்ணு வேரைப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க ஆளுதான் கேக்கல."

"தானாவே போட்டுதா?" நாட்டார் தாளைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பச்சைத் தாளைப் பார்த்துக் கும்பிட்டார். நாட்டார் நிமிர்ந்து, "பொண்ணு மேல தப்பு இல்ல. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

முனியம்மா அசையவில்லை. "கூட்டம் சொல்லிட்டா என் வவுறு ஒத்துக்குமா? அவ கையால இனிமே எப்படி துன்றது?"

நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், கூட்டம் கலைந்தது. சாலம்மா வீட்டுக்குப் போனாள், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்துதான் மற்ற மூன்று பேருக்கும் கஞ்சி வந்தது. அவள் தனக்கு மட்டும் தனியாக ஆக்கிக்கொண்டாள். கைக்கு வந்த தீட்டு மாதிரி. இப்படி எத்தனை நாள் ஒரு பெண் ஒரு வீட்டில் இருக்க முடியும்?

முகாமைக் கலைப்பதற்கு முந்தின நாள் காலையில் சாலம்மா எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். கையில் தோண்டுகோல். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சாரு, வாங்க. இன்னிக்கு நீங்க அறுக்காம எடுக்கறத பாருங்க."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டு போனேன். மேடமும் வந்தார். மேட்டில் ஒரு பழைய புற்று. அதன் அடியில் வெள்ளைக் குடைகள். சாலம்மா காளானைத் தொடவே இல்லை. பக்கத்தில் குழி எடுத்து, விரலால் மண்ணை உதிர்த்து உதிர்த்து வந்தாள். வெள்ளை வால் போய்க்கொண்டே இருந்தது. என் முழங்கை நீளம். அடியில் ஒரு சின்ன அறை. அதில் கடற்பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, அதன்மேல் கடுகளவு வெள்ளை முத்துகள், கறையான்கள் பதறிக்கொண்டு ஓடின.

"இலையும் கட்டையுமா மென்னு கொண்டாந்து இந்தத் தோட்டத்தைப் போடறதே கறையான்தான்" என்றார் மேடம் குழிக்குள் குனிந்தபடி. "காளான் அதைக் கரைச்சுக் குடுக்கும், கறையான் சாப்பிடும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பொழைக்காது."

"நான் சொல்லல? புத்துக்குப் பொறந்தது" என்றாள் சாலம்மா.

நான் மண்டியிட்டபடியே இருந்தேன். இரண்டு ராஜ்ஜியங்கள் அந்த இருட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் காளானை வேரோடு அழுத்தி எடுத்துக்கொண்டோம். பட்டிக் காளானின் சீட்டில், கண்டவர் என்ற இடத்தில் மேடம் என் பெயரை எழுதவில்லை. 'வேர் இல்லை என்று முதலில் கண்டவர்: சாலம்மா' என்று மையில் எழுதினார். என் வேலை நிரந்தரமாவது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மீதிக் காளானைச் சாலம்மா வீட்டுக்கு எடுத்துப்போய் ஆக்கினாள். மிளகும் பூண்டும் போட்டு, சாமைச் சோறு வடித்தாள். நான் போய் வாசலில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் போடும்மா" என்றேன்.

அவள் என்னையும் மாமியாரையும் மாறிமாறிப் பார்த்தாள். "வேணாம் சாரு. நாளைக்கு உங்களுக்கு ஜலதோசம் வந்தாலும் என் தலையில வுழும்."

"ஜீப் கீழ தயாரா நிக்குது தாயீ, நான் பாத்துக்கறேன். போடு" என்றார் ஜப்பார் பாய் என் பின்னாலிருந்து. அவரும் உட்கார்ந்துவிட்டார். மேடமும் உட்கார்ந்தார். மூன்று இலை. சாலம்மா பரிமாறினாள். வேலியோரம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. தின்றோம். அந்த ருசியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. மறுசோறு கேட்டேன். தின்றுவிட்டு, அங்கேயே வாசலில் பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம், வேண்டுமென்றே. ஜப்பார் பாய் ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார்.

முனியம்மா சுவரில் சாய்ந்து எங்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய ஈயத்தட்டு. அதை மருமகள் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"இன்னாடி, ஊர்ல கீறவனுக்கெல்லாம் போட்டுட்டு, எனக்கு மட்டும் சட்டிய வழிச்சுக் குடுப்பியா?"

சாலம்மா சோற்றைப் போட்டாள். முனியம்மா ஒரு கவளத்தை உருட்டி வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு அதை மருமகள் பக்கம் நீட்டி, "நீயும் வா. இனிமே கடைசியா துன்றதெல்லாம் வேணாம். ஒண்ணா துன்னலாம்" என்றாள்.